ஜிம் கெட்டிஸ் வீட்டு இன்டர்நெட் ஏன் இழுத்துச்சு: பஃபர்புளோட் கேஸ் முழுசா

2010-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஜிம் கெட்டிஸ்னு ஒரு இன்ஜினியர், பெல் லேப்ஸ் வேலைய வீட்ல இருந்தே பாத்துட்டு இருந்தார். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள்ல ஸ்கிரீன்ல விண்டோ காட்டற எக்ஸ் விண்டோ சிஸ்டத்த ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர், வெப் பேஜ் அனுப்பறதுக்கான விதிமுறையான எச்டிடிபி 1.1 ஸ்பெக்க எடிட் பண்ணவங்கள்ல ஒருத்தர், அப்படிப்பட்ட ஆள் வீட்லயே பசங்க வந்து நெட் ஸ்லோவா இருக்குப்பான்னு அடிக்கடி சொல்லிட்டே இருந்தாங்க. இவர் எழுந்து போய் பாத்தா எல்லாம் சரியா இருக்கும், திரும்ப வந்து உட்கார்ந்தா மறுபடி புகார். நெட்வொர்க் வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் பழக்கமான நிலைமை இது, ஆனா மத்தவங்க ஒரு ரீபூட் போட்டுட்டு விட்டுடுவாங்க, இவர் விடல.

க்யூஓஎஸ்னு (குவாலிட்டி ஆஃப் சர்வீஸ், நெட்ல எந்த டேட்டா முன்னாடி போகணும், எது காத்திருக்கணும்னு பிரிக்கற முறை) கூகுள் பண்ணா வர்ற அத்தனை வார்த்தையும், பிரையாரிட்டி, ஷேப்பிங், போலீசிங், டிஎஸ்சிபி, க்யூ, இந்த ஒரு கேஸ்ல ஒண்ணொண்ணா வந்து எதுக்குன்னு காட்டிட்டு போகுது. அதனாலதான் இத முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். நம்மூர்ல ரவுட்டர்ல க்யூஓஎஸ்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அத போட்டுட்டு ஒண்ணும் மாறலையேன்னு விட்டவங்க நிறைய பேர், அவங்களுக்குத்தான் முக்கியமா இது.

விஷயம் எப்படி கையில மாட்டுச்சுன்னா, கெட்டிஸ் பழைய எக்ஸ் கன்சோர்டியம் (எக்ஸ் விண்டோவ பாத்துக்கிட்ட அமைப்பு) ஃபைல்கள எல்லாம் வீட்ல இருந்து வெளி சர்வருக்கு காப்பி பண்ணிட்டு இருந்தார். பெரிய அப்லோடு, நேரம் எடுக்கும். அது ஓடும்போது மத்த எல்லாம் தவழுது, காப்பிய நிறுத்தினா உடனே சரியாயிடுது. பிங் (ஒரு சின்ன செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்கற கமாண்ட்) அடிச்சு பாத்தா சும்மா இருக்குறப்போ பத்து இருபது மில்லிசெகண்ட்ல வர்ற பதில் அப்லோடு ஓடும்போது ஒரு செகண்டுக்கு மேல ஆகுது, அதுவும் ஒரே அளவா இல்லாம ஏறி ஏறி இறங்குது. பசங்க சொன்னப்ப இவர் போய் பாக்கும்போது எல்லாம் சரியா இருந்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கணும், ஏன்னா பாக்க எழுந்து போனா கையில ஓடிட்டு இருந்த வேலையும் நின்னுடும்ல.

ஒரு செகண்டுங்கறது எவ்வளவு பெரிசுன்னு ஒரு கணக்கு. வாய்ஸ் காலுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவோட ஜி.114 பரிந்துரை சொல்லுது. சாதாரண ஜி.711 (குரல டேட்டாவா மாத்தற ஒரு முறை) கால் ஒண்ணு செகண்டுக்கு 50 பாக்கெட், அதாவது டேட்டாவோட குட்டித் துண்டு, அனுப்புது, முகவரி மாதிரி மேல ஒட்டற ஐபி ஹெட்டர் எல்லாம் சேர்த்தே 80 கேபிபிஎஸ் தான் தின்னும். அதாவது அந்த காலுக்கு பேண்ட்விட்த் தேவையே கிடையாது, நேரத்துக்கு போய் சேர்ந்தா போதும். லைன்ல மெகாபிட் கணக்கா இருந்தும் 80 கேபிபிஎஸ் கால் திக்குதுன்னா பிரச்சனை அளவுல இல்லன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும், ஆனா அந்த காலத்துல எல்லாரும் பிளான மாத்துங்க, ஸ்பீட ஏத்துங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க.

கெட்டிஸ் அடுத்து பாக்கெட் கேப்சர் எடுத்து கிராஃப் போட்டு பாத்தார். டிசிபி, அதாவது ஃபைல பாக்கெட்டா பிரிச்சு ஒழுங்கா கொண்டு சேர்க்கற முறை, ரொம்ப நேரம் எந்த இழப்பும் இல்லாம போகுது, போகப் போக போய்த் திரும்புற நேரம் மட்டும் ஏறிட்டே போகுது, அப்புறம் திடீர்னு ஒரே இடத்துல கொத்தா பாக்கெட்டுகள் விழுது (வழியில தொலையுது), நடுவுல ஒண்ண காணோம்னு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப சொல்ற டூப்ளிகேட் ஏக் மழை மாதிரி கொட்டுது, வேகம் சரியுது, மறுபடி ஏறுது. டிசிபிய தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு ஆரோக்கியமான டிசிபியோட படம் கிடையாதுன்னு பாத்த உடனே தெரியும். கேபிள் கம்பெனிக்காரங்களோட உட்கார்ந்து பேசினார், வான் ஜேக்கப்சன், டேவ் கிளார்க், விண்ட் செர்ஃப் மாதிரி இன்டர்நெட்ட கட்டினவங்ககிட்டயே கொண்டு போய் காட்டினார். வேற கம்பெனி லைன்லயும் வேற டெக்னாலஜிலயும் டெஸ்ட் பண்ணா அதே பேட்டர்ன் வருது. அதே 2010-ல பெர்க்லி ஐசிஎஸ்ஐ ஆராய்ச்சி நிலைய ஆளுங்க நெட்டலைசர்னு ஒரு டூல் மூலமா ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல அளவுகள் சேர்த்து வெளியிட்டாங்க, அதுலயும் வீட்டு லைன்கள்ல பஃபர், அதாவது பாக்கெட்டுகள் வரிசையா காத்திருக்கற மெமரி, தேவைக்கு மேல ஊதிப் போயிருக்குன்னு தெளிவா வந்துச்சு. அந்த வருஷக் கடைசியிலதான் கெட்டிஸ் இதுக்கு பஃபர்புளோட்னு பேரு வச்சார்.

இப்ப காரணத்துக்கு வருவோம், இதுதான் கேஸோட சாரம். டிசிபிக்கு லைன் எவ்வளவு தாங்கும்னு யாரும் சொல்றது கிடையாது. அது வேகத்த ஏத்திட்டே போகும், எங்கயாவது ஒரு பாக்கெட் விழுந்தா ஓஹோ நெரிசல்னு புரிஞ்சுக்கிட்டு குறைக்கும். 1986 அக்டோபர்ல லாரன்ஸ் பெர்க்லி லேப்புக்கும் யூசி பெர்க்லிக்கும் நடுவுல, வெறும் 400 கஜ தூரத்துல, 32 கேபிபிஎஸ் போயிட்டு இருந்த வேகம் செகண்டுக்கு 40 பிட்டுக்கு விழுந்துச்சு, அதுக்கப்புறம் வான் ஜேக்கப்சனும் மைக் காரெல்ஸும் சேர்ந்து கண்டுபிடிச்ச தீர்வுதான் இந்த பழக்கம். பாக்கெட் விழுறது ஒரு தகவல். அந்த தகவல் சீக்கிரம் வந்து சேர்ந்தா டிசிபி ஒழுங்கா நடந்துக்கும்.

ஆனா மெமரி சீப்பாகிப் போச்சு. மோடம் செய்யறவங்க, ரவுட்டர் செய்யறவங்க, டிரைவர் எழுதறவங்க எல்லாரும் பாக்கெட் விழுறது கெட்டதுன்னு நம்பி பஃபர பெருசு பண்ணிட்டே போனாங்க. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. ஒரு மோடத்துல 256 கிலோபைட் பஃபர்னு வச்சுக்கோங்க. 20 எம்பிபிஎஸ் அப்லோடுல அது காலியாக சுமார் 100 மில்லிசெகண்ட் ஆகும். அதே மோடத்த 2 எம்பிபிஎஸ் பிளான் வாங்கின வீட்ல மாட்டினா ஒரு செகண்டு. பஃபர் பைட்ல ஃபிக்ஸ் ஆயிருக்கு, வேகம் வீட்டுக்கு வீடு மாறுது, கம்மி பிளான்ல இருக்கறவங்களுக்குத்தான் அடி ஜாஸ்தி. லினக்ஸ்லயும் அப்போ ஈதர்நெட் கார்டுக்கு டீஃபால்ட்டா 1000 பாக்கெட் க்யூ இருந்துச்சு, 1500 பைட் பாக்கெட் 1000 சேர்ந்தா 12 மெகாபிட், 1 எம்பிபிஎஸ் லைன்ல அது வடியறதுக்கு 12 செகண்டு. பஃபர் நிரம்பி வழியற வரைக்கும் ஒரு பாக்கெட்டும் விழாது, அதுவரைக்கும் டிசிபி எல்லாம் நல்லாருக்குன்னு நினைச்சு இன்னும் தள்ளும், பின்னாடி வர்ற டிஎன்எஸ் கேள்வி (வெப்சைட் பேருக்கு முகவரி கேக்கறது), கேம் பாக்கெட், வாய்ஸ் எல்லாம் அந்த ஃபைலோட வாலுக்கு பின்னால நிக்கும். டிஎன்எஸ் ஒரு செகண்டு லேட்டானா பேஜ் திறக்கவே மாட்டேங்குதுன்னு தோணும், ஸ்பீட் டெஸ்ட் போட்டா முழு வேகமும் காட்டும்.

நெட்வொர்க் இன்ஜினியர் ஜான் நேகல் 1985 டிசம்பர்லயே ஆர்எஃப்சி 970-ல (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிமுறைகள வெளியிடற ஆவண வரிசை) இத எழுதிட்டார்: முடிவில்லாத மெமரி இருக்கற ஸ்விட்ச்ல நெரிசல் வந்தா, பாக்கெட்டுகளுக்கு ஆயுசு குறிப்பிட்ட நேரம்தான்ங்கறதால, வரிசையிலயே எல்லாம் காலாவதியாகி கடைசியில எதுவுமே உருப்படியா போய் சேராதுன்னு. அத படிக்கறப்பல்லாம் எனக்கு ஆதங்கமா இருக்கும், 25 வருஷம் கழிச்சு அதே பாடத்த ஒரு வீட்டு மோடத்துல புதுசா கண்டுபிடிக்க வேண்டியதா போச்சேன்னு.

சரி, இங்கதான் நம்ம ஆளுங்க முதல்ல கை வைக்கற இடம், பிரையாரிட்டி. வாய்ஸுக்கு ஹை, டவுன்லோடுக்கு லோன்னு போட்டா முடிஞ்சுடும்ல? அதுக்கான இடம் ஐபி ஹெட்டர்லயே 1981-ல இருந்து இருக்கு. ஆர்எஃப்சி 791-ல டைப் ஆஃப் சர்வீஸ்னு 8 பிட், 1998-ல ஆர்எஃப்சி 2474 வந்து அதுல 6 பிட்ட டிஎஸ்சிபின்னு மாத்துச்சு, 64 மதிப்பு சாத்தியம், வாய்ஸுக்கு வழக்கமா போடறது இஎஃப், அதாவது 46. பாக்கெட்ல 46-ன்னு சீல் குத்தறது ஈசி. அந்த சீல யார் பாக்கறாங்கங்கறதுதான் கேள்வி. கெட்டிஸ் வீட்டு கேஸ்ல வரிசை நின்னது மோடத்துக்குள்ள. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவுல ஈதர்நெட் கேபிள், 100 எம்பிபிஎஸ், அங்க நெரிசலே கிடையாது, ரவுட்டர்ல க்யூவே சேராது, க்யூ சேராத இடத்துல பிரையாரிட்டி போட்டு எத முன்னாடி அனுப்பறது? மோடத்துக்கு சீல் பத்தி கவலை இல்ல, வந்த வரிசையில ஒண்ணொண்ணா தள்ளுது. கோயில்ல சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கி வெளி கேட்டத் தாண்டி உள்ள போயாச்சு, ஆனா கருவறைக்கு முன்னாடி எல்லாரும் ஒரே வரிசைன்னா டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான், அதுதான் நடந்துச்சு.

வைஃபைல இன்னும் ஒரு கூத்து இருக்கு, இத கவனமா பாருங்க. டபிள்யூஎம்எம்னு வைஃபையோட பிரையாரிட்டி முறைல நாலு வகுப்பு: வாய்ஸ், வீடியோ, பெஸ்ட் எஃபர்ட், பேக்ரவுண்ட். நிறைய கருவிகள் டிஎஸ்சிபியோட மேல் மூணு பிட்ட மட்டும் எடுத்து வகுப்ப முடிவு பண்ணுது. 46-ஐ பைனரில எழுதினா 101110, மேல் மூணு 101, அதாவது 5. வைஃபைல 4-ம் 5-ம் வீடியோ வகுப்பு, 6-ம் 7-ம் தான் வாய்ஸ். ஆக வாய்ஸுன்னு சீல் குத்தி அனுப்பின பாக்கெட் வீடியோ வரிசையில போய் நிக்குது. 2018-ல ஆர்எஃப்சி 8325 வந்துதான் இத எப்படி சரியா மேப் பண்ணணும்னு எழுதி வச்சாங்க. ஐபி போன் போட்டு டிஎஸ்சிபி எல்லாம் சரியா செட் பண்ணியும் வைஃபைல வாய்ஸ் உடையுதுன்னு சொல்றவங்க முதல்ல பாக்க வேண்டிய இடம் இது.

கெட்டிஸ் பண்ணது வேற. ரவுட்டர்ல இருந்த பேண்ட்விட்த் லிமிட்ட லைனோட நிஜ வேகத்துக்கு கொஞ்சம் கீழ வச்சார், அவ்வளவுதான், அந்த செகண்டு கணக்கு தாமதம் விழுந்துடுச்சு. இதுக்குப் பேருதான் ஷேப்பிங். ரவுட்டரே 10 எம்பிபிஎஸ்-க்கு பதிலா 9 தான் வெளிய விடுதுன்னா மோடத்துக்குள்ள வரிசையே சேராது, அந்த வரிசை இப்ப ரவுட்டருக்குள்ள நிக்குது, நம்ம கட்டுப்பாட்டுல. கொஞ்சம் வேகத்த விட்டுக்கொடுத்து வரிசைய நம்ம பக்கம் இழுத்துக்கறோம், பிரையாரிட்டியோ வேற எதுவோ இதுக்கப்புறம்தான் வேலை செய்யும். க்யூஓஎஸ் டிக் பாக்ஸ் பக்கத்துலயே மொத்த பேண்ட்விட்த்த டைப் பண்ணுங்கன்னு ஒரு கட்டம் கேக்கும்ல, அத காலியா விட்டாலோ கம்பெனி விளம்பரத்துல சொன்ன நம்பர அப்படியே போட்டாலோ மொத்த செட்டிங்கும் வீண்.

ஷேப்பிங்கையும் போலீசிங்கையும் நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டுலயும் டோக்கன் பக்கெட் கணக்குதான் ஓடுது, குறிப்பிட்ட வேகத்துல டோக்கன் சேரும், பாக்கெட் அளவுக்கு டோக்கன் இருந்தா போகலாம். டோக்கன் இல்லன்னா ஷேப்பர் பாக்கெட்ட நிறுத்தி வச்சு அப்புறம் விடும், போலீசர் அங்கேயே கீழ போட்டுடும். ஐஎஸ்பி (நெட் கொடுக்கற கம்பெனி) பக்கம் பிளான் வேகத்த போலீசர் வச்சு வெட்டினா தாமதம் ஏறாது, ஆனா இழப்பு கொத்தா வந்து டவுன்லோடு வெட்டி வெட்டி போகும். மைக்ரோடிக் பிராண்டு ரவுட்டர்ல சிம்பிள் க்யூ, க்யூ ட்ரீ போட்டா அது ஷேப்பிங் வகை. லினக்ஸ்ல எச்டிபின்னு சொல்றதும் அதே, மொத்த வேகத்த கிளாஸ் கிளாஸா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் உத்தரவாத அளவு, உச்ச அளவுன்னு கொடுத்து மிச்சம் இருந்தா பக்கத்து கிளாஸ்ல இருந்து கடன் வாங்க விடும்.

ஆனா வரிசைய வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா மட்டும் போதாது, ரவுட்டர்லயும் அதே மாதிரி ஒரு நீள வரிசை வச்சா பிரச்சனை இடம் மாறும், அவ்வளவுதான். வரிசை நீளாம பாத்துக்க ஆள் வேணும். 1993-லயே சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும் ரெட்னு (RED) ஒண்ணு கொடுத்தாங்க, வரிசை சராசரியா நீள ஆரம்பிச்சாலே அங்கங்க ஒரு பாக்கெட்ட கீழ போடறது. நல்ல யோசனை, ஆனா லைனுக்கு லைன் அளவுகள டியூன் பண்ணணும், அதுக்கு பயந்தே யாரும் ஆன் பண்ணல. கெட்டிஸ் கேஸ் வெளிய வந்தப்புறம் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012 மே மாசம் கோடல்னு புதுசா ஒண்ணு கொடுத்தாங்க. இது வரிசை எவ்வளவு நீளம்னு பாக்கறதே இல்ல, ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ள எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாக்குது. திடீர்னு ஒரு கூட்டம் வந்து கலைஞ்சா பரவாயில்ல, ஆனா 100 மில்லிசெகண்ட் முழுக்க ஒரு பாக்கெட் கூட 5 மில்லிசெகண்டுக்குள்ள வெளிய போகலன்னா அது நிரந்தர வரிசை, உடனே ஒண்ண கீழ போடு. அப்பவும் குறையலன்னா 100 மில்லிசெகண்ட் கழிச்சு இன்னொண்ணு, அடுத்தது 100-ஐ ரூட் 2 ஆல வகுத்த நேரத்துல, சுமார் 71 மில்லிசெகண்ட், அடுத்தது 58, அடுத்தது 50ன்னு நெருக்கிட்டே வரும். 5 எம்பிபிஎஸ் லைனா 50 எம்பிபிஎஸ் லைனான்னு கவலையே இல்லாம அதே ரெண்டு நம்பர் ஓடுது, இந்த எளிமைதான் இதோட அழகு.

அதுக்கு மேல எரிக் டுமாசெட் லினக்ஸ்ல எஃப்க்யூ கோடல் எழுதினார், 2012-லயே 3.5 கெர்னல்ல வந்துடுச்சு. நேகல் 1985-ல சொன்ன நியாயமான பங்கீட்டு யோசனை இங்க திரும்ப வருது. ஒவ்வொரு கனெக்ஷனையும் ஹாஷ் பண்ணி (அதோட விவரத்துல இருந்து ஒரு நம்பர் கணக்கிட்டு) 1024 குட்டி வரிசையில ஒண்ணுல போடுது, சுத்தி சுத்தி ஒவ்வொண்ணுல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்குது, ஒவ்வொரு வரிசைக்கும் தனி கோடல். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, புதுசா வந்த வரிசைக்கு முதல் வாய்ப்பு. டிஎன்எஸ் கேள்வி, வாய்ஸ் பாக்கெட், கேம் அப்டேட், டிசிபி ஏக், இதெல்லாம் எப்பயாவது ஒண்ணு ரெண்டுதான் வரும், வந்த உடனே அதோட வரிசை காலியாயிடும், அதனால அடுத்த தடவையும் புதுசுன்னே கணக்காகி முன்னாடி போயிடும். யாரும் போர்ட் நம்பர் பாத்து ரூல் எழுத வேணாம், சீல் குத்த வேணாம், எல்லாம் என்க்ரிப்ட் ஆகி உள்ள என்ன போகுதுன்னே தெரியாத இந்த காலத்துக்கு இதவிட பொருத்தமான பிரையாரிட்டி முறைய நான் பாக்கல. 2018 ஜனவரியில ஆர்எஃப்சி 8289, 8290ன்னு ரெண்டும் வெளிவந்துச்சு. அதே வருஷம் லினக்ஸ் 4.19-ல கேக் (CAKE) வந்துச்சு, ஷேப்பர், வரிசை, டிஎஸ்சிபி வகுப்பு எல்லாம் ஒரே இடத்துல, அதோட ஒரு வீட்ல ஒருத்தர் டாரன்ட் போட்டு நூறு கனெக்ஷன் திறந்தாலும் ஆளுக்கு ஒரு பங்குன்னு கருவி கணக்குல பிரிக்கவும் முடியும். இதுக்கெல்லாம் பின்னால ஊர் ஊரா போய் கத்தி கத்தி டெஸ்ட் பண்ண வச்சவர் டேவ் டாட், அவர் இல்லன்னா இது பேப்பர்லயே நின்னிருக்கும்னு நான் நம்பறேன்.

பெரிய அளவுல பலன் தெரிஞ்சதா? தெரிஞ்சுது. கேபிள் மோடத்துக்கான டாக்ஸிஸ் 3.1 தரத்துல பைன்னு (PIE) இன்னொரு க்யூ மேனேஜ்மென்ட் முறைய கட்டாயமாக்கினாங்க. அமெரிக்க கேபிள் கம்பெனி காம்காஸ்ட் ஆளுங்க 2021-ல, கொரோனா சமயத்துல எடுத்த அளவுகள வெளியிட்டாங்க, ஏறக்குறைய ஒரே மாதிரி ரெண்டு வகை மோடம், ஒண்ணுல இது ஆன், இன்னொண்ணுல இல்ல. அப்லோடு ஓடும்போது தாமதம், பை இல்லாத வகைல சுமார் 250 மில்லிசெகண்ட், பை இருக்கற வகைல 15-ல இருந்து 30. பிளான் மாத்தல, கேபிள் மாத்தல.

நம்ம வீட்லயோ ஆஃபீஸ்லயோ செய்யணும்னா வைஃபைய விட்டுட்டு ஒயர்ல லேப்டாப்ப மாட்டி, ஒரு பக்கம் பிங் ஓட விட்டு இன்னொரு பக்கம் பெரிய ஃபைல் ஒண்ண அப்லோடு பண்ணுங்க. பிங் 10-ல இருந்து 30க்கு போனா ஒண்ணும் செய்ய வேணாம், 300க்கு போனா அது இந்த கேஸ்தான். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச லினக்ஸ்) போட முடிஞ்ச ரவுட்டர்னா, ஷேப்பிங்கையும் இந்த வரிசை முறைகளையும் சேர்த்து தர்ற எஸ்க்யூஎம் பேக்கேஜ் போட்டு, நிஜமா அளந்த வேகத்துல 85-90 சதவீதம் வச்சு ஆரம்பிச்சு, பிங் ஏறாத வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. மைக்ரோடிக்னா ரவுட்டர்ஓஎஸ் 7-ல எஃப்க்யூ கோடல், கேக் (CAKE) ரெண்டும் க்யூ டைப்லயே இருக்கு. டவுன்லோடு பக்கம் கொஞ்சம் வித்தியாசம், பாக்கெட் லைன தாண்டி ஏற்கனவே வந்தாச்சு, இனிமே அத தடுத்து என்ன பயன்னு தோணும், ஆனா இந்தப் பக்கம் ஒண்ண கீழ போட்டா அனுப்பற சர்வர் வேகத்த குறைக்கும், அதனால டவுன்லோடுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா இடம் விட்டு வைக்கணும்.

ரெண்டு இடத்துல கவனம் வேணும். ஷேப்பிங் சிபியூவுல நடக்குற வேலை, விலை குறைஞ்ச ரவுட்டர்ல ஹார்டுவேர் ஆஃப்லோடு (சிபியூவ தொடாம சிப்பே பாக்கெட்ட கடத்தி விடறது) ஆன்ல இருந்தா பாக்கெட் ஷேப்பர் பக்கமே வராம குறுக்கால போயிடும், ஆஃப் பண்ணா சிபியூ மூச்சு வாங்கும், 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு ரவுட்டர் தாங்குதான்னு, சிபியூ எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டற டாப் (top) கமாண்ட்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் 4ஜி, 5ஜி லைன்ல வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், ஃபிக்ஸ்டா ஒரு நம்பர் போட்டா கூட்ட நேரத்துல வரிசை மறுபடி டவர் பக்கம் போய் சேர்ந்துடும். அதுக்கு தாமதத்த பாத்து பாத்து லிமிட்ட தானா ஏத்தி இறக்கற கேக் ஆட்டோரேட் ஸ்கிரிப்ட் இருக்கு.

கெட்டிஸுக்கும் லைன் சரியானதும் அடுத்த நெரிசல் வைஃபைல தெரிஞ்சுது, ஏன்னா லைன விட வைஃபை மெதுவா ஆகற ரூம்ல வரிசை லேப்டாப்புக்குள்ளயும் ஆக்சஸ் பாயிண்ட்டுக்குள்ளயும் சேரும், ரவுட்டரோட வெளி லைன் (WAN) பக்கம் போட்ட ஷேப்பர் அத பாக்கவே பாக்காது. லினக்ஸ் வைஃபை ஸ்டாக்லயே எஃப்க்யூ கோடல கொண்டு வந்து, மெதுவான கருவி ஒண்ணு ஏர்டைம, அதாவது வைஃபைல சிக்னல் அனுப்பக் கிடைக்கற நேரத்த, முழுக்க தின்னாம ஆளுக்கு சம நேரம்னு பிரிக்கற வேலை 2017 வாக்குல ஏதெரோஸ் வைஃபை சிப்புக்கான ஏடிஎச்9கே டிரைவர்லயும், அதுக்கப்புறம் ஏடிஎச்10கே டிரைவர்லயும் வந்துச்சு. புது ஆக்சஸ் பாயிண்ட் வாங்கறப்போ பாக்ஸ்ல இருக்கற கிகாபிட் நம்பரோட சேர்த்து இந்த சப்போர்ட் உள்ள சிப்செட்டான்னும் கேட்டு வாங்குங்க.